தகட்டைப் பிடித்தவள்

"சாமி, என் கை போயிடுச்சு."

ஐயாக்கண்ணு கூடையை மடத்து வாசலில் இறக்கினார். கூடையில் பித்தளைத் தகடுகள். தூக்கு விளக்குச் சங்கிலியில் கோக்கிற அரச இலைத் தகடுகள். ஒவ்வொன்றின் காம்பிலும் ஒரு துளை. ஒவ்வொரு துளையும் ஓரம் கிழிந்திருந்தது.

மடத்துச் சாமியார் அவரைவிட வயதில் சிறியவர். துணி துவைத்துக்கொண்டிருந்தார். ஈரக் கையோடு ஒரு தகட்டை எடுத்துப் பார்த்தார்.

"கை இருக்கே, பெரியவரே."

"இருக்கு. வேலைக்கு ஆகலை."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினேன். கையில ஒண்ணுமில்லைன்னுட்டார்."

"துளை போடுற மிஷின்ல ஏதாவது?"

"புது பெல்ட், துளைக்கிற பிட்டும் புதுசு. எல்லாம் மாத்தியாச்சு."

சாமியார் வேட்டியைப் பிழிந்து கொடியில் போட்டார்.

"விட்டுடறதுதானே? மகன் கூடவே வந்து இருக்கச் சொல்றான்னு சொன்னீங்க."

"வீட்டுல மிச்சம் இருக்கிறது அந்த மிஷின் சத்தம் ஒண்ணுதான், சாமி. அதுவும் நின்னுட்டா நான் உயிரோட இருக்கிறது எனக்கே தெரியாது."

கூடையைக் காட்டிச் சொன்னார்.

"கடைக்காரர் கடைசியா ஒரு தடவை பார்ப்போம்னு கொடுத்த தகடு இது. பாதி வீணாப்போச்சு. மீதி வீட்டுல இருக்கு. தொடவே பயமா இருக்கு."

"எப்பலேர்ந்து இப்படி?"

"தையல்நாயகி போனதுலேர்ந்து."

சாமியார் கையைத் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

"அவங்க என்ன செய்வாங்க?"

"தகட்டைப் பிடிச்சுப்பா. அவ்வளவுதான். பித்தளை மெத்துனு இருக்கும், சாமி. துளை முடியற நேரம் பார்த்து பிட்டைக் கவ்வி இழுத்துக்கும். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி கைப்பிடியைத் தளர்த்தணும். முந்தினாலும் கெட்டுது, பிந்தினாலும் கெட்டுது. அவ எதிர்ல உட்கார்ந்து 'ம்'னு சொல்லுவா. நான் தளர்த்துவேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்படித்தான்."

"அந்த நேரம் அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தகட்டுக்கு அடியில வைக்கிற கட்டையில கை இருக்குல்ல. அதிர்வுல தெரியும்போல. நான் கேட்டதில்லை."

"இப்ப தகட்டை யாரு பிடிக்கிறது?"

"வைஸ் வாங்கிட்டேன். இரும்புப் பிடி. அசையவே அசையாது."

"பேசவும் பேசாது" என்றார் சாமியார். "வாங்க, உங்க வீட்டுக்குப் போவோம்."

கூடத்தின் நடுவில் மேஜைமேல் மிஷின் இருந்தது. எதிரே ஒரு முக்காலி. அதன்மேல் நாலாக மடித்த பழைய சேலை. அவள் உட்காரப் போட்டது. அப்படியே கிடந்தது.

"நான் உட்காரலாமா?"

ஐயாக்கண்ணு சேலையின் மடிப்பை ஒருமுறை நீவிவிட்டார்.

"உட்காருங்க."

சாமியார் வைஸைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"அந்தக் கட்டை எங்கே?"

அது சுவரில் அவள் படத்துக்குப் பின்னால் இருந்தது. ஐயாக்கண்ணு எடுத்துவந்து துண்டால் துடைத்து மிஷினுக்கு அடியில் வைத்தார். சாமியார் தகட்டைக் கட்டைமேல் வைத்து, இரண்டு பக்கமும் விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம், சாமி. தகடு சுழன்றா விரலைக் கொண்டுபோயிடும்."

"திருவோடு பிடிக்க ஒரு கை போதும். ஓட்டுங்க."

"விளையாடாதீங்க, சாமி."

"ஓட்டுங்க, பெரியவரே."

மிஷின் ஓடியது. ஐயாக்கண்ணு கைப்பிடியை இறக்கினார். பித்தளைத் தூள் உதிர்ந்து சாமியாரின் விரல்களில் ஒட்டியது.

'ம்' வரும் என்று காத்திருந்தார்.

வரவில்லை.

கை தானாகத் தளர்ந்தது. பிட் மெதுவாகக் கட்டையைத் தொட்டது.

அவர் தகட்டை எடுத்துத் துளையின் ஓரத்தைப் பெருவிரலால் தடவினார். திருப்பிப் பின்பக்கமும் தடவினார். எங்கும் கிழியவில்லை.

"நீங்க 'ம்'னு சொல்லவே இல்லையே?"

"எனக்கு என்ன தெரியும்? கட்டை முழுக்க ஒரே அதிர்வு. பிட் எங்கே இருக்குன்னே புரியலை."

சாமியாரின் நெற்றி வியர்த்திருந்தது. விரல்கள் இன்னும் கட்டைமேலேயே இருந்தன.

"எனக்குப் பயம். இப்ப விரல்ல ஏறிடும், இப்ப ஏறிடும்னு பிட்டையே பார்த்துக்கிட்டிருந்தேன்."

"அப்ப அவளுக்கு எப்படி..."

ஐயாக்கண்ணு நிறுத்திக்கொண்டார்.

"அவங்க எங்கே பார்ப்பாங்க?" என்று கேட்டார் சாமியார்.

ஐயாக்கண்ணின் பார்வை கட்டைமேல் இருந்த விரல்களில் நின்றது. பிறகு மெல்ல மேலே வந்தது. அவள் முகம் இருக்கும் உயரத்துக்கு.

"அவ ஒருநாளும் பிட்டைப் பார்த்ததே இல்லை, சாமி."

"பின்னே?"

"என் முகத்தைத்தான் பார்த்துக்கிட்டிருப்பா. அதைப் பார்த்துத்தான் 'ம்' சொல்லியிருக்கா."

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த இருவருக்கும் தோன்றவில்லை.