சுங்கச்சாவடியில் கட்டிய காற்று

இந்த வண்டி என்னை அடையாளம் கண்டுகொள்ளுமோ என்று வடிவு நினைத்தாள். நினைத்ததும் அவளுக்கே சிரிப்பு வந்தது. மரத்துக்கும் துணிக்கும் கண் ஏது? ஆனாலும் துறைமுகத்து மணலில் அது நின்ற விதம் யாரையோ எதிர்பார்ப்பது போலத்தான் இருந்தது. நான்கு சக்கரங்கள், நடுவில் ஒரு கம்பம், கம்பத்தில் சுருட்டிக் கட்டிய பாய். பாயின் ஒரு முனை மட்டும் அவிழ்ந்து படபடத்தது. இந்தச் சத்தத்தை எங்கோ கேட்டிருக்கிறேன். எங்கே? அதற்கு மேல் யோசித்தால் ஒரு வெளிச்சம் மட்டும் வரும், அதில் ஆள் யாரும் இருக்கமாட்டார்கள்.

முன்னொரு காலம் அது. கடலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாததால், எது வேண்டுமானாலும் இருக்கலாம் என்று எல்லோரும் நம்பிய காலம். அப்போது ஒரு கடற்கரை நாட்டை ஆண்ட அரசர், ஒருநாள் மதிய உறக்கத்தில் ஒரு கனவு கண்டார். குளம்புச் சத்தமே இல்லாத வண்டியொன்றில் மணல்மேல் போய்க்கொண்டே இருக்கிறார். விழித்தவுடன், "அந்த வண்டி எனக்கு வேண்டும்" என்றார். கப்பல் போயிற்று. அக்கரையில் காற்று இழுக்கும் வண்டி செய்கிறவர்கள் இருந்தார்கள். வண்டி வந்து இறங்குவதற்குள் அரசர் கனவையே மறந்துவிட்டார். கரையில் அதைக் கண்டதும், "ஆமாம், இதேதான்!" என்று கைதட்டிக்கொண்டு ஏறப் போனார்.

சுங்கத் தலைவர் மழவராயர் குறுக்கே வந்து நின்றார்.

"பொறுத்தருள வேண்டும், அரசே. கடல் கடந்து வந்த வண்டி. சான்று இல்லாமல் சக்கரம் உருளக் கூடாது."

"என் வண்டிக்குமா?"

"தங்கள் பாட்டனார் கல்லில் வெட்டிய சட்டம். அரசருக்கு விலக்கு உண்டு என்று கல்லில் இல்லை. சந்தேகத்துக்கு விரலால் தடவியும் பார்த்துவிட்டேன்."

அந்தக் கல் சாவடி வாசலில் நின்றது. மழவராயருக்கு அது மனப்பாடம். வெளிநாட்டு வண்டிக்கு மூன்று ஓலைகள் வேண்டும். எங்கே செய்தது என்று சொல்லும் பிறப்பு ஓலை. நம் சாலைகளில் பதிந்திருக்கும் வண்டித்தடத்துக்கு அச்சு பொருந்துகிறது என்று சொல்லும் தட ஓலை. இழுக்கும் பிராணியைச் சாவடிக்குக் கொண்டுவந்து, கட்டுத்தறியில் கட்டி, பரிசோதித்து எழுதும் பிராணி ஓலை. மூன்றும் சேர்ந்தால்தான் முத்திரை.

அரசர் பெருமூச்சு விட்டார். பாட்டனார் வெட்டியதை இவர் அழித்தால், இவர் வெட்டியதைப் பேரன் அழிப்பான். ஆகவே அவர் எந்தக் கல்லையும் தொடுவதில்லை.

"சரி, யார் இந்த ஓலைகளை வாங்கித் தருவது?"

"விகடம் சொல்லும் வடிவு இருக்கிறாளே" என்றார் மழவராயர். "அவளால் ஆகாதது உண்டா? கப்பல் திரும்பும் நாளுக்குள் முடித்துவிடட்டும். முடியாவிட்டால் சட்டப்படி, கடல் கடந்து வந்து சான்று பெறாதது எதுவாக இருந்தாலும் அதே கப்பலில் திரும்பிப் போகவேண்டும். எதுவாக இருந்தாலும்."

அரசருக்குத் தூக்க நேரம். "ஆகட்டும்" என்றார்.

அந்த 'எதுவாக இருந்தாலும்' யாருக்குச் சொன்னது என்று வடிவுக்குப் புரிந்தது. அவளும் கடல் கடந்து வந்தவள்தான். உடைந்த கப்பல் ஒன்றிலிருந்து பாய்த்துணியில் சுற்றிய குழந்தையாக இந்தக் கரைக்கு வந்தாள். துறைமுகத்துப் பெண்கள் எடுத்து வளர்த்துப் பெயரும் வைத்தார்கள். பேச்சு வந்ததும் எல்லோரையும் சிரிக்க வைத்தாள். அந்தச் சிரிப்பு ஒருநாள் அரண்மனைக்கும் எட்டியது. அவளுக்கு எந்த ஓலையும் யாரும் எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை, இன்று வரை.

மழவராயர் கெட்டவர் அல்ல. வடிவு அவைக்கு வருவதற்கு முன்பு மாலை வேளைகளில் அரசர் அவரோடுதான் பேசிக்கொண்டிருப்பார். கப்பல்களைப் பற்றி, உப்பைப் பற்றி. அந்த மாலைகளை இவள் எடுத்துக்கொண்டாள் என்று அவர் நினைத்தார். எடுத்துக்கொண்டேன்தான் என்று வடிவும் சில சமயம் நினைப்பதுண்டு.

பிறப்பு ஓலையைக் கப்பல் தலைவன் கொடுத்தான். மழவராயர் அதை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், பக்கவாட்டில் திருப்பினார்.

"இது என்ன எழுத்து? கோழி கிளறியது போல் இருக்கிறது. செல்லாது."

"குற்றம் இருக்கும் இடத்தை விரல் வைத்துக் காட்டிவிட்டுத்தான் ஓலையைத் தள்ள வேண்டும் என்று கல் சொல்கிறதே, ஐயா. காட்டுங்கள், திருத்தி வாங்கி வருகிறேன்."

மழவராயரின் விரல் ஓலைமேல் வெகுநேரம் அலைந்தது. படிக்கத் தெரியாத இடத்தில் எங்கே வைப்பது? கடைசியில் விரலை மடக்கிக்கொண்டு, "பரவாயில்லை, சுமாராக இருக்கிறது" என்றார்.

தட ஓலைக்கு விகடம் உதவவில்லை. அச்சு நம் தடத்தைவிட ஒரு சாண் அகலமாக இருந்தது. துறைமுகத் தச்சர் குப்பாண்டியைக் கூட்டிவந்தாள். அவர் வண்டியைச் சுற்றிவந்து, சக்கரத்தைத் தட்டிப் பார்த்து, மூக்கைச் சுளித்தார்.

"இதுக்கா தாயி இத்தனை நாளா நிறுத்தி வெச்சிருக்காங்க? ஒரு சாண் உள்ள தள்ளினா முடிஞ்சுது."

"கூலி எவ்வளவு அண்ணே?"

"கூலியைச் சாவடிக்காரங்ககிட்ட வாங்கிக்கறேன். ஓடுறப்ப என்னை ஒரு தடவை ஏத்திவிடு. போதும்."

மழவராயர் நூல் பிடித்து அளந்து, மறுபடியும் அளந்து, வேறு வழியில்லாமல் எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போது சிரித்தார்.

"இனி மாட்டைக் கொண்டு வா, பெண்ணே. கட்டுத்தறி காத்திருக்கிறது."

கப்பல் புறப்படும் நாள் வந்தது. காற்றைச் சாவடிக்குப் பிடித்துவரப் போகிறாள் என்று கேள்விப்பட்டு அரசரும் வந்தார். கூடாரம் போட்டார்கள். நீர்மோர் வந்தது. காற்று மட்டும் வரவில்லை. கடல் வார்த்து வைத்த ஈயம் போலக் கிடந்தது. கூடாரத்துத் துணி அசையவில்லை. வடிவு வண்டியின் பாயை விரித்து, அதன் கயிற்றை மாடு கட்டும் கட்டுத்தறியில் முடிந்து, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்கே உன் மாடு?" என்றார் மழவராயர்.

"மேயப் போயிருக்கிறது, ஐயா."

"எப்போது வருமாம்?"

"பசி தீர்ந்ததும்."

அரசர் சிரித்தார். ஆனால் வடிவின் கை கயிற்றிலேயே இருந்தது. தூரத்தில் கப்பல்காரர்கள் தண்ணீர்ப் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்று எனக்கானதாக இருக்கும். அந்தக் கப்பல் போகும் நாடுதானா என் நாடு? திருப்பி அனுப்புவது என்றால், திரும்பிப் போக ஓர் இடம் இருக்க வேண்டாமா? அங்கே இறங்கினால் என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? அந்த மொழியில் என்னால் யாரைச் சிரிக்க வைக்க முடியும்? கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள் அதே வெளிச்சம், அதே ஆளில்லாத வெளிச்சம் இருந்தது. அதில் எதுவோ படபடத்தது.

கண்ணைத் திறந்தபோது கப்பல் உச்சியின் கொடி லேசாகப் புரண்டது. பிறகு, கரையில் காயப் போட்டிருந்த வலைகள் மூச்சு வாங்கின. பிறகு மழவராயரின் அங்கவஸ்திர நுனி மெல்ல எழுந்து அவர் கன்னத்தைத் தொட்டது. பாய் ஒருமுறை உதறிக்கொண்டு, வயிறு முட்ட நிறைந்தது. கயிறு விறைத்தது. வண்டி முன்னே பாயப் பார்த்தது. கட்டுத்தறி கிறீச்சிட்டது.

"வந்துவிட்டது, அரசே" என்று எழுந்தாள் வடிவு. "சாவடிக்குக் கொண்டுவந்தாயிற்று. கட்டுத்தறியில் கட்டியும் ஆயிற்று. முரட்டுப் பிராணி, முறுக்குவதைப் பாருங்கள். இனிப் பல் பிடித்துப் பார்ப்பது சுங்கத்தாரின் வேலை."

அரசர் மோர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டார். கூட்டம் ஆர்ப்பரித்தது. மழவராயர் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அது உண்மையாகவே இழுத்தது. இல்லை என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவர் முகம் ஒரு நொடி வாடி, உடனே தெளிந்தது.

"நல்லது. இது எங்கிருந்து வந்தது?"

"கடல் பக்கமிருந்துதான், ஐயா. எல்லோரும் பார்த்தோமே."

"கடல் கடந்து வந்த பிராணி! அப்படியானால் இதற்குத் தனியாகப் பிறப்பு ஓலை வேண்டும். இருக்கிறதா? இல்லை!" அவர் கல்லைப் பார்த்துத் திரும்பி, குரலை உயர்த்தினார். "சான்று பெறாத கடல்கடந்த சரக்கை இந்நாட்டில் எவரும் வைத்திருக்கலாகாது. வைத்திருப்பவர் அக்கணமே சாவடியில் ஒப்படைக்க வேண்டும். மேலும் உள்ளே கொள்ளலாகாது. வீரர்களே, பறிமுதல் செய்யுங்கள்!"

வீரர்கள் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

வடிவு கைகட்டி நின்றாள். "சட்டம் சட்டம்தான், அரசே. முதலில் சுங்கத்தாரே வழிகாட்டட்டும். அவர் நெஞ்சுக்குள் இந்தச் சரக்கு கொஞ்சம் பதுங்கியிருக்கிறது. நானே பார்த்தேன், சட்டம் சொல்லும்போது நிறைய வாங்கினார்."

அரசர் முன்னால் சாய்ந்தார். "மழவராயரே, ஒப்படையும்."

மழவராயர் சட்டத்துக்குப் பயந்தவர். 'ஃபூ' என்று இருந்ததை எல்லாம் ஊதிவிட்டார்.

"இனி உள்ளே கொள்ளலாகாது" என்று நினைவூட்டினாள் வடிவு.

அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். மூக்கையும் பிடித்துக்கொண்டார். கடற்காற்று அவர் அங்கவஸ்திரத்தை எடுத்து ஆடியது. முகம் செம்பருத்தியானது. கன்னம் உப்பியது. பிறகு கத்தரிக்காய் நிறம் வந்தது. அரசர் இமைக்கவில்லை. கூட்டத்தில் ஒரு மீன்காரி தாங்க மாட்டாமல், "ஐயோ சாமி, மூச்சு விடுங்க! உசுரு போயிடப் போவுது!" என்று கத்தினாள்.

'ஹாஆ' என்று ஒரு பெரிய சத்தத்தோடு மழவராயர் வாயைத் திறந்தார். அத்தனை காற்றும் உள்ளே போயிற்று.

"கடத்தல்!" என்று அரசர் துள்ளி எழுந்தார். "எம் கண்முன்னாலேயே! அதுவும் சுங்கத் தலைவரே!" தலைப்பாகை நழுவ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். வீரர்கள் சிரித்தார்கள். குப்பாண்டி மணலில் உட்கார்ந்தே விட்டார்.

"காற்றுக்கு... பிறப்பு ஓலை... தேவையில்லை" என்று மூச்சிரைக்கச் சொன்னார் மழவராயர். மூன்றாம் ஓலையையும் எழுதி, அரக்கு உருக்கி, முத்திரை வைத்தார்.

வடிவு கயிற்றை அவிழ்த்தாள். அரசர் ஏறினார்; அவர் பின்னால் குப்பாண்டியையும் ஏற்றிவிட்டாள். வண்டி சத்தமே இல்லாமல் புறப்பட்டது. குளம்பு இல்லை, சாட்டை இல்லை, மணலில் சக்கரம் எழுதும் மெல்லிய சரசரப்பு மட்டும். ஈரக் கரையில் வானம் கிடந்தது. வண்டி அதன்மேல் போய்ச் சிறுத்து, தூரத்தில் ஒரு வெள்ளை இதழாகி, இருக்கிறதா இல்லையா என்னும் அளவுக்கு ஆனது. பார்த்துக்கொண்டே இருந்த வடிவுக்கு, தான் வந்த நாளில் அந்தப் பாய்த்துணியும் கரையிலிருந்து இப்படித்தான் தெரிந்திருக்கும் என்று தோன்றியது.

திரும்பி வந்த அரசர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். பிறகு, "கனவில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. என்ன வேண்டும் கேள்" என்றார்.

அவள் வாய் திறப்பதற்குள் மழவராயர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "வண்டிக்கு ஆயிற்று, அரசே. கப்பல் இன்னும் நிற்கிறது. சான்று பெறாத ஒன்றும் கரையில் நிற்கிறது."

அவர் யாரைப் பார்க்கிறார் என்று அரசர் கவனித்தார். சிரிப்பு நின்றது. "வடிவையா?"

"கல்லில் மனிதருக்கு விலக்கு இல்லை."

"என்னிடம் கடல் கடந்து வந்தது இரண்டே பொருள், ஐயா" என்றாள் வடிவு. "ஒன்று, என்னைச் சுற்றியிருந்த பாய்த்துணி. அதை அந்தக் காலத்திலேயே கிழித்து இந்தச் சாவடித் தரையைத்தான் துடைத்தார்கள். மற்றது, அழுதுகொண்டே நான் உள்ளே வைத்திருந்த காற்று. அதற்குத்தான் இப்போது ஓலை தேவையில்லை என்று சொல்லிவிட்டீர்களே. மீதி எல்லாம் இந்த ஊர்ச் சோறு."

மழவராயர் வாயைத் திறந்தார். பழைய நினைவில் உடனே மூடிக்கொண்டார். அதைப் பார்த்து அரசருக்கு மறுபடியும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கப்பலைப் போகச் சொல்லுங்கள்!" என்றார். நங்கூரம் ஏறிற்று. பீப்பாய்களோடு கப்பல் மெல்லத் திரும்பியது.

அரசர் தன் பெட்டியிலிருந்து ஒரு செப்புக் காப்பை எடுத்தார். பரிசோதனையில் தேறிய அயல்நாட்டாருக்குப் போடும் காப்பு. 'இந்நாட்டுக்கு ஒத்தவர்' என்று அதில் பொறித்து, அரச முத்திரை வைத்திருந்தது.

"இனி எவனும் உன்னைக் கேட்கக் கூடாது. இதுவே என் பரிசு. கையை நீட்டு."

எத்தனையோ பேர் கடலோரத்தில் அந்தக் காப்புக்காகக் காத்திருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். செம்பு வெயிலில் மின்னியது. போட்டுக்கொண்டால் இனிப் பயமில்லை. போட்டுக்கொண்டால், இத்தனை நாளும் அது இல்லாமல் இருந்தவள் யார்? ஒத்தவளாக இருந்தா இவரை இவ்வளவு சிரிக்க வைத்தேன்?

"அரசே, காப்பு அழகாக இருக்கிறது" என்றாள்.

"நீட்டு."

"நாளைக்கு எவனாவது கேட்டால், நாளைக்குப் பதில் சொல்லிக்கொள்கிறேன்."

"பரிசாக நினைத்தாவது போட்டுக்கொள், வடிவு."

காற்று அவள் முந்தானையை இழுத்தது. அவள் அதைப் பிடித்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். இரண்டு கைகளையும் அதற்குள் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம், அரசே" என்றாள் மெதுவாக.