தொப்பையை எக்கிய தவளை

காட்டு நடுவே ஒரு தாமரைக் குளம். அந்தக் குளத்துக்குத் தலைமைப் பாடகன் மத்தளன் என்ற தவளை. முதல் மழை விழுந்ததும் மத்தளன்தான் குரலெடுக்க வேண்டும். பிறகுதான் மற்றத் தவளைகள் வாயைத் திறக்கும். மழை ஓய்வதற்குள் மத்தளன் பாடாவிட்டால் அந்தப் பதவி அடுத்த குளத்துச் சொறித்தவளைக்குப் போய்விடும்.

இந்த வருஷம் மத்தளனுக்குப் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு பாட ஆசை. தையல்சிட்டு செம்மியிடம் போய் நின்றது. அலகாலேயே இலைகளைத் தைத்துவிடும் கெட்டிக்காரி அது. இலை வெட்டித் தருவது அதன் கூட்டாளி நண்டு.

"கோட்டு மட்டும் போதாது தங்கச்சி! அதே இலையில தொப்பி, இடுப்புப் பட்டை, தோள்ல மாட்ட ஒரு பை. எல்லாம் ஜோடி சேரணும்!"

"ஜமாய்ச்சிடலாம் அண்ணே! நேரா நில்லுங்க!" என்று செம்மி ஒரு கொடியை எடுத்து அளவெடுத்தது.

மத்தளனுக்குத் தன் தொப்பையை நினைத்தாலே வெட்கம். வயிற்றை உள்ளே எக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"மூச்சை விடுங்க அண்ணே!"

"விட்டாச்சு, விட்டாச்சு!" என்றது மத்தளன், வாயைச் சரியாகத் திறக்காமலே.

நண்டு எட்டிப் பார்த்தது. "என்ன அண்ணே, முகம் ஊதாவா மாறுதே?"

"பொறந்ததிலேருந்தே நான் இந்த நிறம்தான்!"

செம்மியும் அந்த அளவுக்கே தைத்தது. பூவரச இலையில் கோட்டு, ஓரமெல்லாம் மஞ்சள் பூவிதழ், சிவப்புக் குன்றிமணிப் பொத்தான். தொப்பியும் பட்டையும் பையும் அதே பச்சை, அதே மஞ்சள். கதை சொல்லும் எனக்கே ஒன்று தைத்துக்கொள்ளலாம் போல இருந்தது!

மழை வந்தது. மத்தளன் பாறைமேல் ஏறியதும், "அடேயப்பா, கல்யாண மாப்பிள்ளை!" என்று குளமே ஆர்ப்பரித்தது.

மத்தளன் பாட வாயெடுத்தது. வயிறு நிறையக் காற்றிழுத்துத் தொண்டை உப்பினால்தானே தவளைக்குக் குரல்? கோட்டு இறுக்கிப் பிடிக்க, "கீச்" என்று ஒரு சத்தம்தான் வந்தது.

"கொசுவா பாடுது?" என்று சிரித்தது, பதவிக்காகக் கரையில் காத்திருந்த சொறித்தவளை.

மத்தளன் ரோஷத்தோடு இன்னும் மூச்சை இழுத்தது. பட்! ஒரு பொத்தான் தெறித்துப் போய்ச் சொறித்தவளையின் நெற்றியில் அடித்தது. ஆனாலும் பாட்டு வரவில்லை. நனைந்த கோட்டு உடம்போடு ஒட்டிக்கொண்டதால் கழற்றவும் முடியவில்லை. மழையோ தூறலாகிவிட்டது!

மத்தளனுக்கு அழுகையே வந்துவிட்டது. "தங்கச்சி, அன்னிக்கு நான் வயித்தை எக்கிக்கிட்டேன்!" என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டது.

"அதை அன்னிக்கே சொல்லக்கூடாதா அண்ணே!" செம்மி பறந்து வந்தது. நண்டு முதுகுத் தையலை நறுக்கென்று பிரித்தது. பட்டையையும் பையையும் வெட்டி, அந்த இடைவெளியில் வைத்துச் செம்மி மளமளவென்று தைத்தது. எல்லாம் ஒரே இலை, ஒரே பூ. ஒட்டுப் போட்ட இடமே தெரியவில்லை.

மத்தளன் ஆசைதீர மூச்சுவிட்டது. தொண்டை பந்து போல உப்பியது. "க்ராக்! க்ராக்!" குளம் அதிர்ந்தது! தூறல் நிற்பதற்குள் எல்லாத் தவளைகளும் சேர்ந்து பாடின. சொறித்தவளையும் நெற்றியைத் தடவிக்கொண்டே பாடியது.

நமக்கு உதவ வருபவரிடம் உள்ளதை உள்ளபடி காட்டினால்தான் அந்த உதவி நமக்குப் பொருந்தும்.