நரி வாலுக்கு வந்த வழக்கு

ஒரு காடாம், காட்டுக்கு நடுவுல ஒரு குளமாம், குளத்துல பொன்னுருவின்னு ஒரு தவளையாம். அந்தக் காட்டுல தலைவர் தேர்தல் வந்துச்சு. மான் ஒரு பக்கம் நிக்குது, நரி ஒரு பக்கம் நிக்குது. நரி என்ன பண்ணுச்சு, வீடு வீடா பலாச்சுளை குடுத்து, மெல்லுற வாய்லயே சத்தியம் வாங்கிக்கிச்சு. கொக்குகிட்ட மட்டும், "நான் ஜெயிச்சா குளம் உனக்கு, தவளையெல்லாம் உனக்கு"ன்னு சொல்லிருச்சு. அதக் குளத்துல இருந்த பொன்னுருவி கேட்டுருச்சு.

தவளைக் கூட்டம் மொத்தமும் மானுக்குத்தான் போடும்னு நரிக்குத் தெரியாதா? நேரா நாட்டாமை யானைகிட்ட ஓடுச்சு.

"ஐயா, ஓட்டுப் போட்டவங்களுக்கு நாவப்பழச் சாறு தடவி அடையாளம் வைக்கிறோம். தவளை தண்ணியில குதிச்சா அது போயிடும், மறுபடி வந்து போடும். முடி உள்ள வால்லதான் சாறு ஒட்டும். அது இல்லாதவங்களுக்கு ஓட்டே கூடாதுங்க."

யானை யோசிச்சு யோசிச்சு, "சரிதான்"னு தீர்ப்பு சொல்லிருச்சு. அவ்வளவு பெரிய காது இருந்தும் ஒரு பக்கத்தத்தான் கேட்டுச்சு பாரு! தவளைக்கு ஓட்டு போச்சு, நண்டுக்கு ஓட்டு போச்சு, ஆமைக்கு வால் இருந்தும் முடி இல்லன்னு ஓட்டு போச்சு.

நண்டுதான் அந்தக் காட்டுக்கே முடி வெட்டுற ஆளு. பொன்னுருவி அதுகிட்ட போயி, "அண்ணே, நரி கள்ள ஓட்டுப் போடாம இருக்காது. சாறு பட்ட முடிய வெட்ட உங்ககிட்டதான் வரும். கேட்டதுக்கு மேலயே வெட்டுங்க"ன்னுச்சு.

"அதுக்குத்தானே தாயி இருக்கேன்"னுச்சு நண்டு.

தேர்தல் நாளும் வந்துச்சு. மானுக்கு ஒரு பானை, நரிக்கு ஒரு பானை. நரி தன் பானையில ஓட்டுக் கல்லப் போட்டுச்சு, காவலுக்கு இருந்த கரடி அதோட வால்ல சாறு தடவுச்சு. நரி ஓடிப்போயி, "அண்ணே, கொஞ்சம் வெட்டு"ன்னுச்சு. நறுக் நறுக். திரும்பி வந்து, "நான் நரியோட தம்பி"ன்னு ஒரு கல்லு. மறுபடி நறுக் நறுக். "நான் நரியோட சித்தப்பா"ன்னு ஒரு கல்லு. மறுபடி நறுக் நறுக். முக்காடு போட்டுக்கிட்டு, "நான் நரியோட மாமியா"ன்னு ஒரு கல்லு. தூக்கக் கலக்கத்துல கரடி, "வாங்கம்மா"ன்னு சாறு தடவுது. சிரிக்காத, கேளு. மாமியா முடியையும் நண்டு வெட்டிருச்சு.

எண்ணிப் பாத்தா நரி ஜெயிச்சிருச்சு. கொக்கு குளத்துல ஒரு கால வச்சிருச்சு. பொன்னுருவி ஒரே தாவா யானைத் தும்பிக்கையில ஏறுச்சு.

"ஐயா, ஒரு வழக்கு."

"உனக்குத்தான் ஓட்டில்லையே?"

"ஓட்டில்லன்னா வாயுமா இல்ல? தலைவர கொஞ்சம் திரும்பி நிக்கச் சொல்லுங்க."

"எனக்குக் கூச்சமா இருக்கு"ன்னு நரி நெளிஞ்சுது. யானை புடிச்சுத் திருப்புச்சு. அங்க முருங்கைக்காய் மாதிரி ஒண்ணு மொட்டையா தொங்குது.

"முடி எங்கே?"

"வெயிலுக்கு வெட்டிக்கிட்டேங்க."

அதுக்குள்ள நண்டு ஊதா முடிய அள்ளிக்கிட்டு வந்துச்சு. "இது தம்பி முடி, இது சித்தப்பா முடி, இது மாமியா முடி. எல்லாம் இந்த ஒரே வால்ல வெட்டுனதுங்க."

"முடி உள்ள வால் இல்லாதவனுக்கு ஓட்டில்லன்னு நீதான சொன்ன? ஓட்டே இல்லாதவன் தலைவரா ஆக முடியுமா?"ன்னு யானை கேட்டுச்சு. நரி மொட்டை வாலக் காலுக்கு நடுவுல ஒளிச்சுக்கிச்சு. யானைக்கும் வெக்கமாப் போச்சு. "தப்பு என் பேர்லயும் இருக்கு. குளத்துத் தண்ணி குடிக்கிற எல்லாருக்கும் ஓட்டு உண்டு. வாலாவது தோலாவது, ஆளுக்கொரு நாவப்பழம் தின்னுட்டுப் போடுங்க, நாக்கே அடையாளம் காட்டும்."

மறுபடி ஓட்டுப் போட்டாங்க, மான் ஜெயிச்சுது. கொக்கு வச்ச கால எடுத்துக்கிட்டுப் பறந்துருச்சு. நரி ஈ ஓட்டக்கூட முடி இல்லாம புதருக்குள்ள போயி உக்காந்துக்கிச்சு. பொன்னுருவி ஊதா நாக்க அதுகிட்ட நீட்டிக் காட்டிட்டு, குளத்துல தொபுக்கடீர்னு குதிச்சுது.

குளம் அங்க, கதை இங்க. நம்பலன்னா நாளைக்கு ஒரு நாவப்பழம் தின்னுட்டு நாக்க நீட்டிப் பாரு.