குளத்தைப் பார்க்காத வக்கீல்

"எந்த வழக்கா இருந்தாலும் சரி, வாயைத் திறக்கறதுக்கு முந்தி..."

மூத்த வக்கீல் ஆந்தையார் ஒரு பாராட்டுக் கூட்டத்தில் இப்படித்தான் ஏதோ சொன்னார். மீதி துருவனின் காதில் விழவில்லை. அந்தக் கூட்டமே அவனுக்காக நடந்தது. யார் யார் கைதட்டுகிறார்கள் என்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

துருவன் ஒரு கீரி. வேங்கைக்காட்டில் வியாபார வழக்கு என்றால் அவன்தான். கரடிக்கும் தேனீக்களுக்கும் தேன் ஒப்பந்தத்தில் தகராறா? கூப்பிடு துருவனை! குரங்குக்கும் கிளிக்கும் அத்திப்பழத்தில் பங்குச் சண்டையா? கூப்பிடு துருவனை! எதிர்த்தரப்புச் சாட்சியை, பாம்பைப் பிடிக்கிற மாதிரி ஒரே பாய்ச்சலில் பிடித்துவிடுவான். ஒரு வழக்கிலும் அவன் தோற்றதில்லை.

ஒருநாள் நெடுங்காலன் என்ற கொக்கு அவனைத் தேடி வந்தான். அவனும் முங்கன் என்ற நீர்நாயும் அல்லிக்குளத்தில் கூட்டாகத் தொழில் செய்தவர்கள். நெடுங்காலன் ஒரு கல்லின்மேல் நின்று, மீன் எந்தப் பக்கம் போகிறது என்று குரல் கொடுப்பான். முங்கன் முங்கிக் கலக்கி விரட்டுவான். கிடைத்ததில் ஆளுக்குப் பாதி. அந்தக் கூட்டு ஒரு வாய்ச்சண்டையில் உடைந்துவிட்டது.

"என்ன சொன்னான் முங்கன்?" என்று கேட்டான் துருவன்.

"'நனையறது நான், நீ சும்மாதானே நிக்கறே'ன்னான், வக்கீல் ஐயா! 'நான் கண்ணு காட்டலைன்னா நீ சேத்தைத்தான் திம்பே'ன்னு நானும் சொல்லிட்டேன். இனிமே குளம் முழுக்க எனக்கே வேணும்!"

"வாங்கித் தர்றேன். முதல்ல ஒரு தடை உத்தரவு வாங்கிடுவோம்."

தீர்ப்பு வரும்வரை இருவரில் யாரும் குளத்தில் கால் வைக்கக்கூடாது என்று நீதிபதி ஆமையார் தடை போட்டார். காடே துருவனை மெச்சியது. அதன் பிறகு வாய்தாமேல் வாய்தா. அவசரம் என்ற சொல்லே ஆமையாருக்குப் பிடிக்காது. இரண்டு மழைக்காலம் போய்விட்டது.

இறுதி வாதத்துக்கு முந்தின நாள் காலை, துருவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. நெடுங்காலன் நின்ற கல் கரையில் இருக்கிறதா, தண்ணீரில் இருக்கிறதா? தண்ணீரில் இருந்தால், 'என் கட்சிக்காரரும் நனைந்துதான் உழைத்தார்' என்று ஒரே போடாகப் போட்டுவிடலாம்! கல்லைப் பார்க்கக் கிளம்பினான். அல்லிக்குளத்துக்கு அவன் போவது அதுதான் முதல் தடவை.

போனால், குளத்தையே காணோம். கண்ணுக்கெட்டிய வரை பச்சைப் புல்வெளி. துருவன் காலை வைத்தான். பொளக்கென்று இடுப்புவரை உள்ளே போனான்.

"பாத்து ஐயா! அது தரையில்ல, ஆகாயத்தாமரை!"

இலைகளின் நடுவே கையகல ஓட்டை. அதில் ஒரு கிழ விரால் மீன் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"யாரு?"

"வக்கீல் துருவன்."

"அட, தடை வாங்கின மகராசனா! ரெண்டு வருஷமா இந்தக் குளத்தைப் பத்தித்தான் பேசறீங்களாம். இன்னிக்குத்தான் பார்க்க நேரம் கிடைச்சுதா?"

துருவன் மீசையிலிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டான்.

"முங்கன் முங்கிக் கலக்கின வரைக்கும் ஒரு கொடி இங்கே தங்கினதில்லை" என்றது விரால். "இப்போ அடியில வெளிச்சமே இல்லை. நான் விரால், மேலே வந்து மூச்சு வாங்கிக்குவேன். கெண்டைக் குஞ்சுங்க என்ன செய்யும்? அவங்க ரெண்டு பேரும் வந்தப்போ தினம் பத்துப் பேர் போனோம். வராமப் போனதும் நூறு நூறாப் போறோம்!"

"நாளைக்கு இறுதி வாதம். எங்களுக்குத்தான் ஜெயம்."

"தீர்ப்பு எப்போ?"

"அடுத்த மழைக்குள்ளே..." சொல்லும்போதே துருவனின் குரல் இறங்கிவிட்டது.

"நாங்க பத்து நாள் தாங்குவோம், ஐயா. அப்புறம் ஜெயிச்சவர் வந்து இலையை அள்ளிட்டுப் போகலாம்."

துருவன் கரையேறி யோசித்தான். வழக்கை வாபஸ் வாங்கினால் தடை உடனே நீங்கும். ஆனால் அந்த மன்றத்தில் வாபஸும் தோல்விதான். தோற்காத வக்கீல் என்ற பேர் அதோடு போய்விடும்.

மத்தியானம் நெடுங்காலனைக் கூட்டிவந்தான்.

"நாளைக்கு ஜெயிச்சிடுவோம் இல்ல, ஐயா?"

"ஜெயிப்போம். எதை ஜெயிக்கப்போறோம்னு பாருங்க."

எதிர்க்கரையில் முங்கன் ஏற்கெனவே நின்றிருந்தான். துருவன் அவனுக்கும் ஆள் அனுப்பியிருந்தான்.

"என்னடா முங்கா, உன் வாலைவிட நீ ஒல்லியாயிட்டே!" என்றான் நெடுங்காலன்.

"நீ மட்டும் என்ன? ரெண்டு கால் நிக்குது, கொக்கைத்தான் காணோம்!"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு குளத்தைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது.

"நான் குரல் கொடுத்தா முங்குவியா?"

"முங்கறேன். மீன் அப்புறம் இருக்கட்டும். கொடி எங்கே தடிச்சிருக்குன்னு சொல்லு. ஆனா தடை இருக்கேடா!"

இருவரும் வக்கீலைப் பார்த்தார்கள்.

மறுநாள் மன்றம் கூடியது.

"வாதத்தை ஆரம்பிக்கலாம், துருவன். அவசரமில்லை" என்றார் ஆமையார்.

"இன்னிக்கு அவசரம்தான், ஐயா. என் கட்சிக்காரர் சம்மதத்தோட வழக்கை வாபஸ் வாங்கறேன்."

கிளைகளில் சலசலப்பு. "உன் முதல் தோல்வி. தெரியுமில்ல?" என்றார் ஆமையார்.

"தெரியும், ஐயா."

"காரணம்?"

"குளத்தைப் பார்க்காமலே குளத்துக்காகப் பேசிட்டேன், ஐயா."

ஆமையாரின் கழுத்து அன்றைக்குத்தான் சட்டென்று வெளியே வந்தது. "தடை நீங்கியது!"

உச்சிவேளைக்குள் அல்லிக்குளத்தில் சளப் சளப் என்று சத்தம். "இடது பக்கம்டா! உனக்கு இடது எதுன்னே மறந்துபோச்சா?" என்று நெடுங்காலன் கத்தினான். அவன் நின்ற கல் பாதி கரையில் இருந்தது, பாதி தண்ணீரில். துருவன் சேற்றுக் காலோடு படுத்து, வெயில் காய்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மனசு லேசாக இருந்தது.

பக்கத்து மரப்பொந்தில் ஆந்தையார் தூங்கிக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சொன்னதன் மீதி என்ன என்று கேட்கலாமா என்று துருவன் நினைத்தான். எழுப்பவில்லை.

எதற்காகச் சண்டையோ அதையே சாகவிட்டு வெல்கிறவன் எதையும் வெல்வதில்லை.

இனி எந்த வழக்கானாலும் முதலில் அந்த இடத்தைப் போய்ப் பார்ப்பது, அதற்குப் பிறகே வாயைத் திறப்பது என்று துருவன் முடிவு செய்தான்.