வராத சீர்

செங்கமலம் சிறுமியாக இருந்தபோது ஒரு மழை நாளில் இடிக்குப் பயந்து வீடே அதிர அழுதாள். அந்த அழுகை அவள் அப்பா வைத்திலிங்கத்தின் காதில் இன்னும் இருந்தது.

அப்படி ஒரு தரம் அழமாட்டாளா என்று இப்போது ஏங்கினார்.

"அழமாட்டேங்கிறாம்மா," என்றார்.

ஆனந்தவல்லி தன் பெண்குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆற்றங்கரை மடத்தில் யாப்பு சொல்லிக்கொடுப்பவள். வைத்திலிங்கத்துக்கு மகள் வயதுதான் இருக்கும். அவர் அவளை 'அம்மா' என்பார். அவள் அவரை 'ஐயா' என்பாள். அவர் கட்டிய பாட்டில் பிழை கண்டால் மட்டும் 'பெரியவரே' என்பாள்.

"யாரு, செங்கமலமா?"

"அவதான். மாப்பிள்ளை அக்கரைச் சந்தையில மாரடைச்சு விழுந்ததிலேருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. ஒரு பேச்சு இல்ல. ரெண்டு வாய்க்கு மேல சோறு இறங்கல. இப்படியே போனா இவளும் தங்கமாட்டான்னு வைத்தியர் சொல்லிட்டார்."

"கருமாதிக்கு மாப்பிள்ளை மேல சரமகவி பாடினீங்களே?"

"பாடினேன். சபை நடுவுல நின்னு பாடினேன். எதுகை மோனை ஒண்ணு தவறல."

"சபை அழுததா?"

வைத்திலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"சம்பந்தி தொடையில தாளம் போட்டார்."

"யாரு, செத்தவனைப் பெத்தவரா?"

"அவரேதான். பாவம், தன்னை அறியாம. இன்னொருத்தர், பேஷ், இன்னொரு தடவைன்னார்."

"செங்கமலம்?"

"முகத்தைத் திருப்பிக்கிட்டா."

ஆனந்தவல்லிக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. குழந்தையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.

"இவளுக்குப் பாடிக் காட்டுங்க."

"இவளுக்கு என்ன புரியும்?"

"ஒண்ணும் புரியாது. அதுக்குத்தான்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார்.

"சுற்றமும் நட்பும் துடித்திட விட்டுநீ
பற்றினை வெட்டிப் பறந்திட்ட சிட்டுநீ..."

குழந்தை மடியில் எம்பி எம்பிக் குதித்தது. கை கொட்டியது. பல் முளைக்காத வாயைத் திறந்து சிரித்தது.

"அடக் கடவுளே!" என்றார் வைத்திலிங்கம்.

"இந்தப் பாட்டுக்கு ஒரு வயலே நட்டு முடிச்சிடலாம், பெரியவரே."

அவர் மைக்கூட்டோடு படித்துறைக்குப் போய் உட்கார்ந்தார். வெட்டும் கொட்டும் இல்லாத சொற்களாகப் பொறுக்கினார். வெயில் தாழ்ந்தபோது திரும்பி வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார்.

"மாலை வானில் மெல்ல மெலிந்த
நீல மேகம் போல நீங்கினை..."

குழந்தையின் இமை கனத்தது. அவர் தோளில் சாய்ந்தது.

"பார்த்தீங்களா!" என்றார் பெருமையாக. "தூங்கிட்டா."

"செங்கமலம் தூங்கமாட்டேங்கிறான்னா வந்தீங்க?"

வைத்திலிங்கத்துக்குக் கோபம் வந்தது.

"போதும்மா! உங்க யாப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். என் பொண்ணு போயிட்டிருக்கா, நான் இங்க மெல்லினம் பொறுக்கிட்டிருக்கேன்!"

சத்தத்தில் குழந்தை விழித்து உதட்டைப் பிதுக்கியது. அவர் பதறிப்போய் அதைத் தட்டிக்கொடுத்தார். ஆனந்தவல்லியோடு பேச மனமில்லாமல் குழந்தையிடமே பேசினார்.

"உனக்குத் தெரியுமாடி கண்ணு? வந்துடறேன்னு வாசல்ல நின்னு சொன்னான். பொழுது சாய மாடு வந்தது. நிலா வந்தது. அக்கரைக்குப் போன தோணி வந்தது. அப்புறம் வந்தது..."

அதோடு நின்றுவிட்டார்.

குழந்தை குதிக்கவில்லை. தூங்கவும் இல்லை. அடுத்த சொல்லுக்காக அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனந்தவல்லி, பாட்டு முடிந்துவிட்டது போல, அவர் பக்கத்திலிருந்த மைக்கூட்டை எடுத்து மூடினாள்.

வைத்திலிங்கம் அந்த மூடியைப் பார்த்தார். பிறகு குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். செருப்பைக்கூட மறந்து நடந்தார்.

வீட்டில் செங்கமலம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார். சபைக் குரலை விட்டுவிட்டுச் சொன்னார்.

"வந்துவிடுவேன் என்று வாசலில் சொன்னாய்.
வந்தன மாடுகள். வந்தது நிலவு.
வந்தது தோணி.
வந்தது"

அவ்வளவுதான்.

சிறு வயது முதல் அப்பா பாட்டைக் கேட்டு வளர்ந்தவள். அடி நிறைய இன்னும் ஒரு சீர் வரவேண்டும் என்று அவள் காதுக்குத் தெரியும். முறம் நின்றது.

"அப்புறம்?" என்றாள்.

புருஷன் போன பிறகு அவள் பேசிய முதல் சொல் அது. பதில் சொல்லிவிட அவர் நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"அப்பா, அப்புறம் என்ன வந்தது?"

அவர் வாய் திறக்கவில்லை.

முறம் நழுவி அரிசி கூடமெல்லாம் சிதறியது. அவள் அழுகையில் வீடே அதிர, தெருவே ஓடி வந்தது. தேற்றுவதற்குக் கை நீட்டிய பெண்களை வைத்திலிங்கம் குறுக்கே நின்று தடுத்தார்.

"விடுங்க," என்றார். "விடுங்கம்மா."

விளக்கு வைத்த பிறகு அவள் தயிர்ச்சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

செங்கமலம் எண்பது வயது வரை இருந்தாள்.