மஞ்சக்காலன் நொண்டிய கதை

இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்து உட்காருங்க. வாயால் ஏரியைக் காத்த ஒரு ஆட்காட்டிக் குருவியின் கதை இது.

ஏரிக்கரைச் சரளையில் மஞ்சக்காலன் என்ற அந்த ஆட்காட்டி, பெண்டாட்டி சிமிட்டியோடு குடியிருந்தான். கூடு என்று ஒன்றும் கிடையாது. கல்லோடு கல்லாக நாலு முட்டை, அவ்வளவுதான்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம். நரி வந்தால், ஆட்காட்டி வீட்டு ஆம்பளை சிறகு ஒடிந்த மாதிரி அதன் கண்ணெதிரே நொண்டி ஓட வேண்டும். லேசில் கிடைக்கும் என்று நரி பின்னாலேயே போய்விடும். கரையில் உள்ள குஞ்சும் முட்டையும் தப்பும். மஞ்சக்காலனின் தாத்தா அப்படிப் போனவர், திரும்பவில்லை. அப்பாவும் திரும்பவில்லை.

அதனால் மஞ்சக்காலனுக்கு ஏக மரியாதை. உயரமான மேடு அவனுக்கு. முதல் புழு அவனுக்கு. விடிந்தால் மேட்டில் ஏறிக் கத்துவான்: "எங்க தாத்தா உயிரைக் குடுத்தாரு! எங்கப்பா உயிரைக் குடுத்தாரு! இந்த ஏரிக்கு நீங்க என்னத்தக் குடுத்தீங்க?"

அவன் கொடுத்தது தொண்டைத் தண்ணி மட்டும்தான். நரியை அவன் பார்த்ததுகூட இல்லை.

ஒரு நாள் கோரைப்புல் அசைந்தது. நரி!

மஞ்சக்காலன் ஒரே தாவில் சிமிட்டியின் முதுகுக்குப் பின்னால் இருந்தான்.

"ஏங்க, உங்க முறை!"

"கால் சுளுக்கு புள்ளே!"

"நொண்டத்தானே போறீங்க? சுளுக்கு நல்லதாப் போச்சு!"

மஞ்சக்காலன் பக்கத்தில் பார்த்தான். "கௌதாரி அக்கா! உம் மகன் வாட்டசாட்டமா இருக்கான். ஏரிக்குக் குடேன்!"

கௌதாரி தன் குஞ்சைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டாள். "பேச்சு உங்க வீட்டுது, புள்ள மட்டும் எங்க வீட்டுதா?"

நரி முட்டைக்குப் பத்தடியில் வந்துவிட்டது. சிமிட்டி சுற்றி அவனுக்குப் பின்னால் வந்தாள். புருஷன் பின்புறத்தில் ஓங்கி ஒரு உதை விட்டாள்.

நரியின் மூக்குக்கு முன்னால் போய் விழுந்தான் மஞ்சக்காலன். நொண்டச் சொல்லித்தர யாரும் தேவைப்படவில்லை. கால் தானாகப் பின்னியது. சிறகு தானாகத் தொங்கியது. வழியெல்லாம் எச்சம். கரை கண்ணுக்கு மறைகிற தூரம் வரை நரி துரத்தியது. வாலில் பல் பட்டபோதுதான் தனக்குப் பறக்கத் தெரியும் என்பதே அவனுக்கு நினைவு வந்தது.

மொட்டை வாலோடு திரும்பியபோது கரையே ஆரவாரித்தது. "தாத்தாவையே மிஞ்சிட்டீங்க! என்னமா நடிச்சீங்க!"

"நடிக்கலைங்க," என்றான் மஞ்சக்காலன். "பயத்துல கழிஞ்சுட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் நடுங்கியிருக்கும் போல. அவருக்குப் பயமே கிடையாதுன்னு இத்தனை நாளா நான் ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தேன். நடுங்கிக்கிட்டேதான் போயிருக்காரு மனுஷன்."

மறுநாள் விடிந்ததும் பழக்கதோஷத்தில் மேட்டில் ஏறினான். "எங்க தாத்தா..."

"வாயை மூடிக்கிட்டு கோரைப் பக்கம் பாருங்க," என்றாள் சிமிட்டி. "அடுத்தது என் முறை."

சொல்லிவிட்டு, ஒரு சிறகைத் தொங்கவிட்டுச் சரளையில் நொண்டிப் பழக ஆரம்பித்தாள்.

முன்னோர் கொடுத்த உயிரைச் சொல்லி மேடேறுகிறவன் அல்ல, நடுங்கிக்கொண்டாவது தன் முறைக்குப் போய் நிற்பவனே அவர்களுக்கு வாரிசு.