நடுவழியில் கிடந்த மான்குட்டி

மருளி என்ற புள்ளிமான் தன் குட்டியைத் தலையால் முட்டி முட்டி நடத்திக்கொண்டு மருத மரத்தடிக்கு வந்தது. குட்டியின் பெயர் கொன்றை. அதன் பின்னங்காலில் கருவேல முள் ஏறி, குளம்புக்கு மேலே வீங்கியிருந்தது.

அந்தக் காட்டுக்கே ஒரே வைத்தியசாலை அந்த மருத மரத்தடிதான். பெரிய வைத்தியர் ஒரு கரடியார். காலையில் ஒரு சுற்று வருவார். "இவனுக்கு இந்தப் பச்சிலை, அவளுக்கு அந்த வேர்" என்று சொல்லிவிட்டுத் தேன் தேடப் போய்விடுவார். பச்சிலை பறிப்பது, மென்று பிழிவது, கட்டுப் போடுவது, முனகுகிறவர்கள் பக்கத்தில் விடிய விடிய உட்கார்ந்திருப்பது எல்லாம் இளம் கீரிகளின் வேலை.

ஆனால் அன்று கீரிகள் மரத்தை விட்டு வெளியே வந்து கூட்டமாக உட்கார்ந்திருந்தன.

"தம்பிகளா, என் பிள்ளைக்குக் கால் வீங்கிவிட்டது. கொஞ்சம் பாருங்கள்!" என்றது மருளி.

முன்னால் இருந்த கீரி எழுந்தது. அதன் பெயர் கூர்மூக்கன்.

"அம்மா, நாங்கள் வேலையை நிறுத்தியிருக்கிறோம். பாம்புக்கடி, ரத்தப்போக்கு இரண்டை மட்டும்தான் பார்க்கிறோம். முள் குத்தினால் உயிர் போகாது. ஓடைத் தண்ணீரில் காலை நனைத்து வையுங்கள்."

"வேலையை நிறுத்தினீர்களா? இதென்ன அநியாயம்!"

"அநியாயம்தான், அம்மா. நாங்கள் ஒழுங்காகத் தூங்கியே வெகுநாள் ஆகிறது. எங்களில் ஒருவன் நின்றபடியே கண்ணயர்ந்து, முயலின் புண்ணில் வேறு இலையை வைத்துக் கட்டிவிட்டான். முயலுக்கு உடம்பெல்லாம் கொப்புளம். அதன் உறவுக்கூட்டம் வந்து அவனை உதைத்துத் துவைத்துவிட்டது. முறை வைத்து வேலை கொடுங்கள், இன்னும் சில கீரிகளைச் சேருங்கள், காவலுக்கு ஒரு காட்டெருமையை நிறுத்துங்கள் என்று தலைவரிடம் கேட்டோம். 'தொண்டு செய்கிறவனுக்குத் தூக்கம் எதற்கு?' என்று கேட்டார்!"

மருளியின் காதில் அதெல்லாம் ஏறவில்லை. "என் பிள்ளை வலியில் துடிக்கிறது. என்னிடம் வந்து உங்கள் தூக்கத்தைப் பேசுகிறீர்களே!" என்று சொல்லிவிட்டுக் குட்டியைத் திருப்பிக்கொண்டு போனது.

ஓடையில் காலை நனைத்தது. வீக்கம் வடியவில்லை. பல்லால் முள்ளைக் கவ்வி இழுத்துப் பார்த்தது. முள் பாதியில் முறிந்து உள்ளேயே தங்கிவிட்டது. கொன்றை பால் குடிப்பதைக் குறைத்தது. பிறகு எழுந்திருப்பதையும் குறைத்தது.

மருளி மூங்கில் தோப்புக்கு ஓடியது. அங்கேதான் காட்டின் தலைவர் யானையார் இருந்தார்.

"பார்த்தாயா அந்தக் கல்நெஞ்சர்களை!" என்றார் யானையார். "ஒரு பச்சைப் பிள்ளையை இப்படிப் போட்டுவிட்டார்களே!"

"நீங்கள் கூப்பிட்டுப் பேசக் கூடாதா, தலைவரே?"

"முதலில் அவர்கள் வேலைக்குத் திரும்பட்டும். பிறகு பேசுகிறேன்."

மருளி திரும்ப மருத மரத்துக்கு ஓடியது.

"முதலில் அவர் பேசட்டும். பிறகு திரும்புகிறோம்," என்றது கூர்மூக்கன். "ஒரு தடவை அவர் சொன்னதை நம்பித் திரும்பினோம், அம்மா. அது நீர்மேல் எழுத்தாகப் போயிற்று."

கரடியாரைத் தேடிப் போனது மருளி. அவர் மறுக்கவில்லை. உடனே எழுந்து வந்தார். ஆனால் அவருடைய பெரிய நகங்களுக்குள் அந்தச் சின்ன முள் அகப்படவில்லை. கொன்றை அலறியதுதான் மிச்சம். "இதெல்லாம் அந்தப் பிள்ளைகள் கை செய்கிற வேலை. எனக்குப் பழக்கம் விட்டுப்போயிற்று," என்று தலையைத் தொங்கப்போட்டார்.

கீரிகளை இன்னொரு தடவை கெஞ்சிப் பார்க்கலாம் என்று மருளி மரத்தடிக்குள் நுழைந்தது. உள்ளே இலைப்படுக்கையில் ஒரு கீரி கிடந்தது. உதை வாங்கிய கீரி. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. காலடிச் சத்தம் கேட்டதும், கண்ணைத் திறக்காமலேயே, "யாருக்குக் கட்டு மாற்றணும்? இதோ வந்துவிட்டேன்," என்று முனகிவிட்டு மறுபடியும் தூங்கிப்போனது.

மருளி அப்படியே நின்றது. கோபத்தோடுதான் உள்ளே வந்தது. அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது என்று இப்போது தெரியவில்லை.

மறுநாள் காலை மூங்கில் தோப்புக்கும் மருத மரத்துக்கும் நடுவே, எல்லோரும் போகிற வழியில், மருளி தன் குட்டியைக் கொண்டுவந்து கிடத்தியது. பக்கத்தில் தானும் நின்றுகொண்டது. முயல் நின்றது, மயில் நின்றது, காட்டுப்பன்றி நின்றது. கூட்டம் கூடியது. சத்தம் கேட்டு அந்தப் பக்கமிருந்து யானையாரும், இந்தப் பக்கமிருந்து கீரிகளும் வந்து சேர்ந்தார்கள்.

"வழியை மறைக்கிறாயே! குட்டியை ஓரமாகக் கிடத்து!" என்றார் யானையார்.

"எந்த ஓரம், தலைவரே?" என்றது மருளி. "அங்கே போனால் 'முதலில் அவர்' என்கிறார்கள். இங்கே வந்தால் 'முதலில் அவர்கள்' என்கிறீர்கள். யார் முதலில் என்று நீங்கள் முடிவு கட்டுகிறவரை என் பிள்ளை இங்கேயே கிடக்கட்டும்!"

கூர்மூக்கன் மூக்கை உயர்த்தி மோந்து பார்த்தது. மறு நொடி குட்டியிடம் பாய்ந்தது.

"சீழ் வைத்துவிட்டது! இலை கொண்டு வாருங்கள்! தண்ணீர்!"

"அண்ணே, நாம் வேலை நிறுத்தத்தில்..." என்று ஒரு கீரி இழுத்தது.

"இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்! ஓடு!"

கூர்மூக்கன் புண்ணைக் கீறி, சீழை வடித்து, முறிந்த முள்ளை வெளியே எடுத்தது. வேலை நிறுத்தத்திலும் பாம்புக்கடிக்காரர்களுக்காக இரவெல்லாம் விழித்திருந்த களைப்பில், கட்டுப் போட்டு முடித்தபோது அதன் முன்னங்கால்கள் வெடவெடவென்று நடுங்கின. எழுந்திருக்கப் பார்த்தது, முடியவில்லை. நோயாளிக்குப் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டது.

யானையார் அந்த நடுங்குகிற கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கைகளையா நான் ஓய்வில்லாமல் வேலை வாங்கினேன்?" என்று மெல்லக் கேட்டார். அவர் முழங்காலை மடித்துத் தரையில் உட்கார்ந்தார். "சொல்லுங்கள் பிள்ளைகளே. கேட்கிறேன்."

பொழுது சாயும்வரை பேசினார்கள். முறை வைத்து வேலை என்று ஆயிற்று. மலையிலிருந்து புதிய கீரிகளை அழைத்துவர ஆள் போனது. காட்டெருமை காவலுக்கு வந்து நின்றது. கரடியாரும் தனக்கென்று ஒரு முறை கேட்டு வாங்கிக்கொண்டார். மருத மரத்தடி மறுபடியும் திறந்தது.

கொன்றை பிழைத்துக்கொண்டது. ஆனால் புண் நரம்பு வரைக்கும் போயிருந்தது. அந்தக் கால் மற்றக் கால்களைப் போல மடங்கி நீளவில்லை.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள், நன்றாகத் தூங்கி எழுந்த கண்களோடு கூர்மூக்கன் மருளியைப் பார்க்க வந்தது. தூரத்தில் கொன்றை விந்தி விந்தி மேய்ந்துகொண்டிருந்தது.

"எங்கள்மேல் இன்னும் கோபமா, அம்மா?"

"நீங்கள் கேட்டது நியாயம்தான், தம்பி. அதற்காக என் கோபம் பொய்யாகிவிடுமா? தலைவர்மேலும் இருக்கிறது. உங்கள்மேலும் இருக்கிறது."

கூர்மூக்கன் குட்டியிடம் போய், அந்தக் காலைப் பிடித்து வெகுநேரம் நீவிவிட்டது.

உழைக்கிறவரின் குறையை உரிய காலத்தில் கேளாத தலைவனும், அந்தக் குறையைச் சொல்லும் வேகத்தில் நோயாளியை மறந்த வைத்தியனும் ஒருநாள் சமாதானம் ஆகிவிடலாம். ஆனால் இருவருக்கும் நடுவே காத்துக் கிடந்தவன் இழந்தது திரும்பி வராது.